கடமைக்கு ஒரு கையெழுத்து



சங்கரன்கோவிலில் பஸ் ஏறித் திருநெல்வேலி ரோட்டில் வந்து இறங்கினேன். இறங்கியதும் கடைப் பலகையில் பனவடலிசத்திரம் என்ற ஊர்ப் பெயரை ஒருமுறை நின்று வாசித்தேன். வடலி என்றால் இளம்பனை. சத்திரம் என்றால் வழிப்போக்கன் வந்து தங்கிப் பசியாறுகிற இடம். உங்கள் ஊர்ப் பெயரில் பனையும் இருக்கிறது, சோறும் இருக்கிறது. எனக்கு இன்றைக்குப் பனை போதும். (சோறு பிற்பாடு உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள்.)

பனை தந்தது ஓலை. ஓலையில் பிறந்தது ஏடு. ஏட்டில் முளைத்ததுதான் நாம் எல்லோரும் அறிந்த அந்தச் சுரைக்காய். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னார்களே, அந்தச் சுரைக்காயைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன். பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது, சோதிக்காததைச் சோதித்ததாகக் குறிப்பது, போகாத இடத்துக்குப் போய் வந்ததாகக் கையெழுத்துப் போடுவது. இதற்கு வேலை செய்கிற இடங்களில் நாம் என்னென்ன பெயர் வைத்திருக்கிறோம்? அந்தப் பெயர்களை யார் சொல்கிறார்கள், யார் கேட்டுக்கொள்கிறார்கள்? இதுதான் என் பொருள்.

முதலில் ஒன்று. நாம் சரிபார்க்கத் தெரியாத சனம் இல்லை. சுந்தரர் கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணப் பந்தலில் ஒரு கிழவர் வந்து, நீ எனக்கு அடிமை, இதோ உன் பாட்டன் எழுதித் தந்த ஓலை என்கிறார். மாப்பிள்ளை ஓலையைப் பிடுங்கிக் கிழித்துப் போடுகிறார். கிழவர் அசரவில்லை. கிழித்தது படி ஓலைதான், மூல ஓலை என் கையில் இருக்கிறது என்று திருவெண்ணெய்நல்லூர் அவைக்கு வழக்கைக் கொண்டுபோகிறார். அவை என்ன செய்தது? கிழவர் முகத்தைப் பார்த்து நம்பியதா? பாட்டனாரின் வேறொரு கைச்சாத்தை வரவழைத்து, எழுத்தோடு எழுத்தை ஒத்துப் பார்த்தது. வந்தவர் சிவபெருமான்! அவர் கொண்டுவந்த பத்திரத்துக்கே வெரிஃபிகேஷன் நடந்த நாடு இது.

உத்திரமேரூருக்குப் போங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 919லும் 921லும் வெட்டியது. குடவோலையைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், நான் இன்னொன்றைச் சொல்கிறேன். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. அவன் மட்டுமா? அவனுடைய நெருங்கிய உறவினரும் வர முடியாது. ஒருவன் கணக்கு ஒப்படைக்காவிட்டால் மாமன் மச்சான்வரை கதவு சாத்தப்படும். இன்றைக்கு இந்த விதி இருந்தால் உள்ளாட்சித் தேர்தலில் நிற்க ஆள் கிடைக்குமா என்று யோசித்துப் பார்த்தேன். சரி, அது வேறு கூட்டத்துக்கு.

இப்படிப்பட்ட நாம் பேசுகிற பேச்சைக் கவனியுங்கள். கடமை எவ்வளவு பெரிய சொல்! அதோடு ‘கு’ என்று ஓர் எழுத்தைச் சேருங்கள். ‘கடமைக்குச் செய்தான்.’ என்ன பொருள் வருகிறது? செய்யவில்லை என்று பொருள் வருகிறது! பேர் பெரிய சொல். ‘பேருக்குப் பார்த்தான்’ என்றால் பார்க்கவில்லை. முறை என்பது ஒழுங்கு. ‘முறைக்குப் போய் வந்தேன்’ என்றால் தலையைக் காட்டிவிட்டு வந்தேன். கணக்குக்கு, ஒப்புக்கு, சாஸ்திரத்துக்கு எல்லாம் அப்படியே. நான்காம் வேற்றுமைக்குக் கொடை, பகை, நட்பு, தகுதி, பொருட்டு என்றெல்லாம் இலக்கணத்தில் பொருள் படித்தோம். இலக்கண ஆசிரியர்கள் யாரும் ஆபீசில் வேலை பார்த்ததில்லை போலிருக்கிறது. பார்த்திருந்தால் இன்னொரு பொருளும் சேர்த்திருப்பார்கள்: ஒப்பேற்றல்.

இது பழைய சரக்கு. புதிய சரக்கும் வந்திருக்கிறது. டிக் அடிச்சிரு. ஃபில்லப் பண்ணிரு. முன்தேதி போட்டுரு. உட்கார்ந்த இடத்துல எழுதிரு. ரெக்கார்டு மட்டும் கிளீனா வச்சுக்கோ. அட்ஜஸ்ட் பண்ணிரு. எல்லாவற்றுக்கும் மேலே, அண்ணாச்சிமார் வாயில் அன்பாக வருகிற ஒன்று: சரி பண்ணிரு.

சரி பண்ணிரு! இதில் பொய் என்ற சொல் எங்காவது இருக்கிறதா? திருட்டு என்ற சொல் இருக்கிறதா? ஏதோ கோணலாக இருப்பதை நிமிர்த்துகிற நல்ல காரியம்போல அல்லவா இருக்கிறது! சட்டைப் பொத்தான் கழன்றிருந்தால் அம்மா சொல்வது போல அல்லவா இருக்கிறது!

அந்த அன்பான சொல்லை நான் முதலில் கேட்டது 1987இல். எனக்கு வயது 23. நூற்பாலை ஒன்றில் டைம் ஆபீசில் கிளார்க். எந்த ஆலை, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். பஞ்சாலையில் தீ என்பது எப்போதும் வாசலில் நிற்கிற விருந்தாளி. பேலுக்குள் ஒரு துண்டு இரும்பு இருந்தால் போதும், மெஷினில் உரசிப் பொறி பறக்கும். அதனால் சுவரெங்கும் சிவப்புக் கூம்புகள் தொங்கும். அந்தக் காலத்து சோடா ஆசிட் தீயணைப்பான். தலைகீழாகத் திருப்பிக் குமிழைத் தரையில் குத்தினால் உள்ளே அமிலக் குப்பி உடைந்து, மூக்கு வழியாகத் தண்ணீர் பீறிட வேண்டும். ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு கார்டு. மாதாமாதம் இறக்கிப் பார்த்து, மூக்கைச் சுத்தம் செய்து, தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. மேலாளர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், என்னை ஒருநாளும் ஒருமையில் அழைத்ததில்லை. “தம்பி, அந்தக் கார்டெல்லாம் சரி பண்ணிருங்க” என்றார்.

36 கார்டுகள். கார்டுக்கு 12 மாதம். மொத்தம் 432 கையெழுத்து. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தேன். மூன்று பேனா வைத்துக்கொண்டேன், மை நிறம் மாற வேண்டுமே! ஒரு மாதத்துக்குச் சாய்த்து எழுதினேன், ஒரு மாதத்துக்கு அவசரமாக எழுதினேன். ஞாயிற்றுக்கிழமையில் தேதி விழாமல் பழைய காலண்டரைப் பார்த்துக்கொண்டேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலையில் ஒரு ருசி வந்துவிட்டது. நாலரை மணிக்கு முடித்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

மேஸ்திரி ஒருவர் வந்து ஒரு கார்டைத் தூக்கிப் பார்த்தார். பழம் தின்று கொட்டை போட்டவர். “தம்பி, எழுத்தெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கார்டு வெள்ளை வெளேர்னுல்லா இருக்கு, ஒரு வருசம் ஆலைக்குள்ள கெடந்த கார்டு மாதிரியா இருக்கு? ரெண்டு நாள் ரிங் பிரேம் பக்கம் தொங்கப் போடுங்க. பஞ்சு படியட்டும்.”

பஞ்சு படியட்டும்! ஆலைக்குள் அதற்குப் பிறகு எங்களுக்கு அதுவே பரிபாஷை ஆகிவிட்டது. ரிஜிஸ்டர் ரெடியா என்று கேட்டால், எழுதியாச்சு, பஞ்சு படியணும் என்போம். இரண்டு நாள் தொங்கின. காற்றில் மிதக்கிற பஞ்சுத் தூசி மெல்லிய சாம்பல் மயிர்போல் ஒட்டியது. ஓரம் மடங்கியது. எவனோ ஒருவன் எண்ணெய்க் கையோடு தொட்டுவிட்டுப் போனான், அதுவும் நல்லதாகப் போயிற்று. இன்ஸ்பெக்டர் வந்தார், இரண்டு கார்டைத் திருப்பிப் பார்த்தார், காபி குடித்தார், போனார்.

ஒன்றரை மாதம் கழித்து, பஞ்சுப் பேல் பிரிக்கிற புளோரூமில் தீப் பிடித்தது. பெரிய தீ இல்லை, நல்லவேளை. ஒரு தொழிலாளி ஓடிப்போய்க் கூம்பை எடுத்துத் திருப்பிக் குத்தினார். தண்ணீர் வரவில்லை. மூடிப் பக்கம் ‘உஸ்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மூக்கு அடைத்திருந்தது. எதால் தெரியுமா? பஞ்சு! கார்டில் எந்தப் பஞ்சைக் காத்திருந்து படிய வைத்தேனோ, அதே பஞ்சு அங்கே யாரும் சொல்லாமலே படிந்திருந்தது. மணல் வாளியைத் தூக்கினார்கள். அதில் மணலைவிடப் பீடித் துண்டும் வெற்றிலை எச்சிலும்தான் அதிகம். கடைசியில் ஈரச் சாக்கால் அடித்துத்தான் அணைத்தார்கள். அந்தத் தொழிலாளிக்கு வலது கை முழங்கைவரை வெந்துபோயிற்று.

மறுநாள் விசாரணை. மேலாளர் கார்டைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “இது யார் கையெழுத்து?”

அன்றைக்கு எனக்கு ஒன்று புரிந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். இந்தச் சொற்களை எல்லாம் மறுபடி ஒருமுறை கேளுங்கள். எழுதிரு. போட்டுரு. பண்ணிரு. அடிச்சிரு. எல்லாம் என்ன வினை? ஏவல் வினை! ஒருவர் இன்னொருவரைப் பார்த்துச் சொல்வது. ‘நான் சரி பண்ணுகிறேன்’ என்று தன்மையில் எந்த மேலதிகாரியாவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்கிறவர் வாய் ஒன்று. எழுதுகிற கை வேறொன்று. காற்றோடு போவது வாய்ச்சொல், காகிதத்தில் நிற்பது கையெழுத்து. மாட்டிக்கொள்வது எப்போதும் கைதான்.

இது நம் ஊர் நோய் மட்டுமா? வெள்ளைக்காரனும் பெயர் வைத்திருக்கிறான். பார்க்காமலே படிவத்தில் வரிசையாகக் குறி போட்டுத் தள்ளுவதற்குப் ‘பென்சில் விப்பிங்’ என்று பெயர், பென்சிலைச் சாட்டை போல வீசுகிறானாம். அமெரிக்கக் கடற்படையில் ‘கன்டெக்கிங்’. மேல்தளத்துக்குப் போய் நட்சத்திரத்தை அளக்க வேண்டிய பையன், பீரங்கித் தளத்திலேயே உட்கார்ந்து கப்பல் இருக்கும் இடத்தை மனக்கணக்காகப் போட்டு எழுதியதால் வந்த பெயர் என்று கதை சொல்கிறார்கள். சோதனைக்கூடத்தில் குழாயை நனைக்காமலே முடிவு எழுதினால் ‘டிரை லேப்’.

ஜப்பானியர் வைத்த பெயர்தான் என்னை உலுக்கியது. டோக்கைமுரா என்று ஒரு சிற்றூர். அங்கே ஜே.சி.ஓ. என்ற கம்பெனி அணு உலைக்கான யுரேனிய எரிபொருளைப் பக்குவப்படுத்தியது. எப்படிக் கரைக்க வேண்டும், எந்தக் கலனில் கரைக்க வேண்டும் என்று அரசு ஒப்புதல் தந்த செய்முறை இருந்தது. அது அலமாரியில் இருந்தது. வேலை வேகமாக நடக்கக் கம்பெனி தானாகவே இன்னொரு செய்முறை எழுதிக்கொண்டது. அதன்படி எவர்சில்வர் வாளியில் கரைக்கலாம்! அதற்கு ‘உரா மேனுவல்’ என்று பெயர். உரா என்றால் பின்பக்கம். முன்பக்கம் அதிகாரிக்கு, பின்பக்கம் ஆளுக்கு. 1999 செப்டம்பர் 30 அன்று அந்தப் பின்பக்கத்தையும் குறுக்கிக்கொண்டு வாளியிலிருந்து நேராகத் தொட்டியில் ஊற்றினார்கள். வரம்பு 2.4 கிலோ யுரேனியம், தொட்டியில் சேர்ந்தது ஏறத்தாழ 16 கிலோ. நீல வெளிச்சம் ஒன்று அடித்தது. ஊற்றிய தொழிலாளிகளில் ஒருவர் 83 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து இறந்தார். இன்னொருவர் அடுத்த ஏப்ரலில். உலகத்திலேயே ஒழுங்குக்குப் பேர் போன நாடு அது!

நம் பக்கம் வருவோம். இங்கிருந்து வடக்கே போனால் சாத்தூர், சிவகாசி. உங்கள் சொந்தக்காரர்கள் பட்டாசுக்குப் போயிருப்பார்கள், அதனால் நான் உங்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. அங்கே புழங்குகிற சொல் ‘உள்குத்தகை’. உரிமம் ஒருவர் பேரில் இருக்கும், அறைகள் பலர் கையில் இருக்கும். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். இரண்டு இடத்திலும் பட்டாசு ஆலை வெடித்தது. முதலிப்பட்டியில் 38 பேருக்குக் குறையாமல் போனார்கள். அச்சங்குளத்தில் உரிமம் ஒருவருக்கு இருக்க, ஆலையைத் துண்டுதுண்டாகப் பலர் உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியது பின்னால்தான் ஊருக்குத் தெரிந்தது. ஊருக்குத்தான் அப்போது தெரிந்தது. அங்கே மருந்து இடித்தவர்களுக்கு முதல்நாளே தெரியும், ஏனென்றால் கூலி யாரிடம் வாங்குகிறோம் என்பது யாருக்கும் மறக்காது. காகிதத்தில் ஒரு முதலாளி, களத்தில் ஐந்தாறு முதலாளி!

இன்னொரு சத்திரத்தின் பெயரும் சொல்கிறேன். காஞ்சிபுரம் மாவட்டத்தில் சுங்குவார்சத்திரம். அங்கே தயாரான கோல்ட்ரிஃப் என்ற இருமல் மருந்தைக் குடித்து 2025இல் மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்துவாடா பக்கத்தில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டு இறந்தன. தமிழ்நாட்டு ஆய்வகம் சோதித்தபோது அந்தத் தொகுப்பில் டை எத்திலீன் கிளைக்கால் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாத நஞ்சு அது! பாட்டிலில் பாதி! எத்தனை பேர் அந்தப் பாட்டிலை வழியில் நிறுத்தியிருக்கலாம் என்று எண்ணிப் பாருங்கள். மூலப்பொருள் வந்ததும் ஒருமுறை சோதிக்க வேண்டும். மருந்து முடிந்ததும் ஒருமுறை சோதிக்க வேண்டும். இடையில் ஆய்வாளர் வந்து பார்க்க வேண்டும். ஆய்வுக்குப் போகவில்லை என்று மருந்து ஆய்வாளர்கள் இருவரைப் பிற்பாடு பணியிடை நீக்கம் செய்தார்கள். பாட்டில் மேல் லேபிள் மட்டும் அச்சுப் பிசகாமல் இருந்தது.

நம் ஊர் நிலத்துக்கு வாருங்கள். அடங்கல் என்பது என்ன? எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர் நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்து எழுதுகிற கணக்கு. கர்ணம் காலத்திலிருந்து அப்படித்தான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஆள் மாறினார், கரிசல் மாறவில்லை, வெயில் மாறவில்லை. சீமைக்கருவேலம் மண்டிய புஞ்சையில் ஏட்டில் மட்டும் உளுந்து விளைந்ததைப் பார்த்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். சிரிக்கிறீர்கள்! சுரைக்காய் உளுந்தாகிவிட்டது.

நூறு நாள் வேலை வந்தது. என்.எம்.ஆர். என்கிற வருகைப் பதிவேட்டில் வராத ஆளுக்குக் கையெழுத்து என்று புகார் வந்தது. சரி, கையெழுத்துதானே பொய் சொல்லும், படம் பொய் சொல்லாது என்று ஒரு செயலி கொண்டுவந்தார்கள். 2023 ஜனவரி 1 முதல் எல்லா வேலைத்தளத்திலும் காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். என்ன ஆயிற்று? 2025 ஜூலை 8 அன்று ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டது. செயலியை எப்படியெல்லாம் ஏமாற்றுகிறார்கள் என்று அதில் பட்டியலே உண்டு. வேலைக்குச் சம்பந்தமில்லாத படத்தை ஏற்றுகிறார்கள். படத்தையே படம் எடுத்து ஏற்றுகிறார்கள். படத்தில் உள்ள தலை ஒரு எண்ணிக்கை, பதிவில் உள்ள தலை வேறு எண்ணிக்கை. காலையில் நின்றவர் ஒருவர், பிற்பகலில் நிற்பவர் வேறொருவர். படத்தைப் படம் எடுப்பது! படி ஓலைக்குப் படி ஓலை!

சரி, இதற்கு மருந்து? ஊராட்சி அளவில் எல்லாப் படங்களையும் ஒன்றுவிடாமல் சரிபார்க்க வேண்டும் என்றது அந்தச் சுற்றறிக்கை. சரிபார்த்தேன் என்று யார் எழுதப்போகிறார்? மறுபடி ஒரு கை! இதற்கிடையே சிக்னல் கிடைக்காமல் படம் ஏறாத நாளில், உண்மையாக மண் வெட்டிய பெண்ணுக்கு அன்றைய கூலி போகிறது. பொய்யனுக்கு வழி தெரியும். மண்வெட்டியோடு வந்தவளுக்குத்தான் வழி தெரியாது.

எழுதுகிற கையை மட்டும் திட்டிவிட்டு இறங்கினால் நான் அந்த மேலாளர் மாதிரி ஆகிவிடுவேன். என் தங்கை மகள் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள். பத்துக்கும் மேற்பட்ட ரிஜிஸ்டர், அதுபோக போனில் வேறு ஏற்ற வேண்டும். வருகை, எடை, உயரம், சத்துமாவு, வீடு வீடாகப் போன விவரம். ஒருநாள் நான் பெரிய ஒழுக்கசீலன் மாதிரி, எல்லாம் பார்த்துத்தானே எழுதுகிறாய் என்று கேட்டுவிட்டேன். அவள் தலையைத் தூக்காமல் எழுதிக்கொண்டே சொன்னாள்: “மாமா, பிள்ளைக்குச் சோறு ஊட்டவா, ஊட்டினதா எழுதவா? ரெண்டுக்கும் எனக்கு இருக்கிறது இந்த ரெண்டு கைதான்.” எனக்குப் பதில் வரவில்லை. உண்மையாக நிரப்பவே முடியாத ஒரு படிவத்தை மேலிருந்து அனுப்புகிறவன், ‘சரி பண்ணிரு’ என்று வாயால் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. படிவமே அதைச் சொல்லிவிடுகிறது. அச்சடித்த ஏவல் வினை அது.

உண்மையான ரிஜிஸ்டரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஆலையில் பின்னால் எனக்குக் கீழே வந்த பையன்களுக்குச் சொல்வேன். உண்மை அழுக்காக இருக்கும். மை தீர்ந்து பாதியில் நிறம் மாறியிருக்கும். ஒருநாள் விட்டுப்போயிருக்கும், ‘பார்க்கவில்லை, கரண்டு இல்லை’ என்று ஓரத்தில் கிறுக்கியிருக்கும். எண்கள் ஏறி இறங்கும். எல்லாக் கட்டமும் நிறைந்து, எல்லா எண்ணும் ஒன்றுபோல இருந்தால் அந்த ரிஜிஸ்டரை மூடிவிட்டு எழுந்து போய் மெஷினைப் பாருங்கள் என்பேன். ‘பார்க்கவில்லை’ என்று தைரியமாக எழுதியவனை நான் ஒருநாளும் ஏசியதில்லை. மேலே இருந்தவர்கள் ஏசினார்கள், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு பையனுக்கு அதற்காக மெமோ கொடுத்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து அவன் கட்டங்களை ஒன்றுவிடாமல் நிரப்பினான், அருமையான கையெழுத்து.

நேரம் ஆகிவிட்டது, தலைவர் மணியைப் பார்க்கிறார். ஒன்றே ஒன்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறேன்.

இன்றைக்குக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டேன். பழக்கதோஷம், எங்கே போனாலும் கண் சுவரைத்தான் தேடும். இந்த மண்டபத்தின் வாசல் தூணில் ஒரு சிவப்புச் சிலிண்டர் மாட்டியிருக்கிறது. கழுத்தில் கார்டு. எடுத்துப் பார்த்தேன். 12 மாதமும் நிறைந்திருக்கிறது. ஒரே பேனா, ஒரே நீலம், ஒரே சாய்வு. கார்டு பால் மாதிரி வெள்ளையாக இருக்கிறது. பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்த பெரியவரிடம், அண்ணாச்சி, இதை எப்போது எழுதினீர்கள் என்று கேட்டேன்.

தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அவ்வளவு மரியாதையாகச் சொன்னார்: “நேத்துத்தான்யா. நீங்க இதப்பத்திப் பேச வாரீகன்னு சொன்னாக. வந்த எடத்துல வெறுங்கார்டு தொங்கினா நல்லாவா இருக்கும்? அதான் எழுதி வச்சோம்.”

நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அவர் முகம் வாடிவிட்டது. கார்டை என் கையிலிருந்து வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தேதி கிதி தப்பாப் போட்டுட்டமாய்யா?”